கோழியின் கட்டியில் கிடைத்த விடை

நன்றாகத் தீவனம் எடுத்து, குறையாமல் கறக்கும் பசுவும் ஒரு வைரஸை ஆயுள் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கலாம். மாடுகளில் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ‘ரெட்ரோ வைரஸ்’ அத்தகையது. இந்த வைரஸ் குடும்பத்தை அறிய வழி திறந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க விஞ்ஞானி பெய்டன் ரவுஸ்.

1879-ல் பால்டிமோர் நகரில் பிறந்த ரவுஸ், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய்தான் படிக்க வைத்தார். மருத்துவ மாணவராக இருந்தபோது, பிரேதப் பரிசோதனையில் காசநோய் பாதித்த எலும்பு அவர் விரலைக் கீறியது. அந்தச் சிறு காயம் வழியே நோய் தொற்றி, அக்குளில் நெறி கட்டியது. அறுவை சிகிச்சைக்குப் பின் படிப்பை நிறுத்தி, டெக்சாஸ் மாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை செய்து உடல் தேறினார்.

1909-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தபோது, மார்பில் கட்டியுள்ள பிளைமவுத் ராக் கோழி ஒன்று அவரிடம் வந்தது. கட்டியை அரைத்து, பாக்டீரியாகூடப் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. புற்றுநோயைக் கண்ணுக்குத் தெரியாத கிருமியும் உண்டாக்கலாம் என்று 1911-ல் அறிவித்தார். பலர் நம்பவில்லை. 1915-ல் அந்த ஆய்வையே விட்டுவிட்டு, ரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் முறையில் இறங்கினார். 55 ஆண்டுகள் கழித்து, 1966-ல், 87 வயதில் நோபல் பரிசு கிடைத்தது. 1970 பிப்ரவரியில் காலமானார். அதே ஆண்டில்தான், அவர் கண்ட வைரஸ் தன் மரபுச் செய்தியை உயிரணுவின் டி.என்.ஏ.வில் எழுதிவிடும் விதம் தெரியவந்தது. தொற்று ஏன் உடலை விட்டுப் போவதில்லை என்பது அப்போது புரிந்தது.

மாட்டின் ரத்தப் புற்றுநோய் வைரஸ் 1969-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. தொற்றிய மாடுகளில் 100-க்கு 5-க்கும் குறைவானவற்றுக்கே கட்டி வரும். மூன்றில் ஒரு பங்கில் வெள்ளணுக்கள் கூடியிருக்கும். மற்றவை வெளிப்பார்வைக்கு நலமாகவே இருக்கும். ஆனால் அவற்றின் ரத்தம் பிற மாடுகளுக்கு நோயைக் கொடுக்கும். இதற்குத் தடுப்பூசியோ மருந்தோ நம்மிடம் இல்லை.

தேவாலா, பந்தலூர் பகுதியில் தேயிலையோடு ஓரிரு கறவை மாடு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ரத்தம் பரவும் வழிகளைத்தான். ரவுஸின் விரலுக்கு ஒரு கீறல் போதுமானதாக இருந்தது. மாட்டுக்கு ஓர் ஊசி போதும்.

* ஒரு மாட்டுக்குப் போட்ட ஊசியை அடுத்த மாட்டுக்குப் போடக் கூடாது. சினைப் பரிசோதனைக் கையுறைக்கும் இதே விதி.
* கொம்பு நீக்கும், காயடிக்கும், காது வில்லை மாட்டும் கருவிகளை ஒவ்வொரு மாட்டுக்குப் பின்னும் கழுவிக் கிருமி நீக்க வேண்டும்.
* கடிக்கும் ஈக்கள் பெருகாமல் சாணத்தை அகற்றித் தொழுவத்தை உலர்வாக வைக்க வேண்டும்.
* வெளியூர் மாட்டை வாங்கினால், பரிசோதனை முடிவு வரும்வரை தனியே கட்ட வேண்டும்.

ரத்தம் அல்லது பாலில் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா சோதனை தொற்றைக் காட்டும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றில், தாயின் சீம்பால் வழி வந்த எதிர்ப்பொருளே அதில் தெரியக்கூடும் என்பதால் பி.சி.ஆர். சோதனை தேவை. பாலைக் காய்ச்சினால் வைரஸ் அழிந்துவிடும்.

கழுத்து, தோள் முன்பகுதியில் நெறி கட்டுதல், கண் பிதுங்குதல், காரணமின்றி மெலிதல் ஆகியவை தெரிந்தால் கால்நடை மருத்துவரை உடனே அணுகுங்கள்.