நிலமற்றவர் ஊர்க்கூட்டத்தில் பேச இயலுமா? அம்பேத்கர் வாழ்வின் நிலக்கேள்வி

கிராம நிலத்தையும் நீரையும் எவ்வாறு பேணிப் பயன்படுத்துவது என்பதை மக்களே கூடித் திட்டமிட வேண்டும் என்று இன்று அனைவரும் ஒப்புக்கொள்கின்றனர். அக்கூட்டத்தில் நிலமற்றவர் எந்த வலிமையோடு பேசுவார் என்பதே எஞ்சும் கேள்வி. அண்ணல் அம்பேத்கரின் வாழ்வு நெடுகிலும் அக்கேள்வி தொடர்ந்து வந்ததை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்த அவருடைய பூர்வீகம் கொங்கணத்தின் இரத்தினகிரி மாவட்டம். மும்பை மாகாணக் கிராமங்களில் மகர்கள் அரசுக்கும் ஊருக்கும் இரவுபகலாக ஏவல்பணி செய்தனர். அதற்கு ஈடாகக் கிடைத்தது வதன் எனும் சிறு மானிய நிலம். தலைமுறைதோறும் துண்டாகிய அந்நிலம் அவர்களை வாழவைக்கவில்லை. ஊரைவிட்டு வெளியேறவும் விடவில்லை. பணியிலிருந்து அவர்களை விடுவித்து, உரிய தீர்வையுடன் நிலத்தை அவர்களிடமே விடுவதற்கு 1928இல் சட்டமன்றத்தில் அவர் மசோதா கொண்டுவந்தார். அவர் மறைந்த பின்னரே, 1958இல், அம்முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது.

இளம் பொருளியலாளராக 1918இல் எழுதிய கட்டுரையில், இந்திய வேளாண்மையின் நோய்க்குச் சிறு நிலவுடைமையை மட்டும் குறைகூறுவதை அவர் மறுத்தார். முதலும் கருவிகளும் போதாமையையும், பிழைக்க வேறு வழியின்றி மக்கள் நிலத்திலேயே முடங்கிக் கிடப்பதையும் சுட்டினார்.

மகாத்தின் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட நகராட்சி முன்னரே தீர்மானித்திருந்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அவர் தலைமையில் சென்று நீரருந்தியவர்கள் தாக்கப்பட்டனர். பொதுவளம் பொதுவாவதற்குத் தாளில் எழுதிய தீர்மானம் போதாது என்பதை அந்நாள் காட்டியது.

கொங்கணத்தில் வரிவசூல் இடைத்தரகர்களாகிய கோத்துகள் குடியானவர்களிடம் வெட்டிவேலை வாங்கினர். அம்முறையை ஒழிக்க 1937இல் அவர் மசோதா கொணர்ந்தார். 1938 சனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் சாதி கடந்து மும்பைச் சட்டமன்றம் நோக்கி அணிவகுத்தனர். பின்னர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக, வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றையும் இணைத்த தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளமிட்டார்.

1947இல் அரசமைப்பு அவைக்கு அளித்த அறிக்கையில் அவரது சிந்தனை முழுமை பெற்றது. நிலம் அரசுடைமையாகி, பண்ணைகளாக வகுக்கப்பட்டு, சாதி மத வேறுபாடின்றி ஊர்மக்களிடம் குத்தகைக்கு விடப்பட வேண்டும். அவர்கள் கூட்டாகப் பயிரிட வேண்டும். நீர், விதை, உரம், கருவிகளுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும். நிலக்கிழாரும் குத்தகையாளரும் நிலமற்ற கூலியும் இல்லாத ஊரே அவர் வரைந்த திட்டம்.

1948 நவம்பர் 4 அன்று அவர் இந்தியக் கிராமத்தைக் கடுமையாகச் சாடியதை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். மக்கள் பங்கேற்பை அவர் வெறுக்கவில்லை. ஊர், சேரி என்று பிளந்து கிடக்கும் இடத்தில் அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதை அறிந்திருந்தார். ஊராட்சி குறித்த திருத்தத்தை அதே மாதம் ஏற்கவும் செய்தார். 1956 மார்ச்சில் ஆக்ராவில், கிராமத்து நிலமற்றோருக்குத் தம்மால் போதியது செய்ய இயலவில்லையே என வருந்தினார். அவ்வாண்டு திசம்பர் 6 அன்று மறைந்தார்.

73ஆம் திருத்தம் இன்று நிலமேம்பாடு, நிலச்சீர்திருத்தம், மண்வளப் பாதுகாப்பு, நீர் மேலாண்மை ஆகியவற்றை ஊராட்சிகளிடம் ஒப்படைக்க வழிசெய்துள்ளது; பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடும் தந்துள்ளது. எனினும் நிலவழக்குகளில் நாங்கள் காணும் தீர்மான ஏடுகளில் சேரி மக்களின் கையொப்பம் இருக்கிறது. அவர்கள் பேசியதற்குச் சுவடில்லை. நாளைய கூலிக்கு நம்பியிருக்கும் நிலக்கிழாரின் எதிரே அமர்ந்து எவர் மறுத்துப் பேசுவார்? ஆகவே திட்டக் கூட்டத்தில் மண்வள வரைபடத்தை விரிப்பதற்கு முன், யாரிடம் எவ்வளவு நிலம், புறம்போக்கு யார் பிடியில் என்ற பதிவேடு உரக்க வாசிக்கப்பட வேண்டும் என நாம் கோருவோம்.