இருட்டறையில் ஒளி கண்ட இப்னுல் ஹைதம்

முத்துக்குளித்துறையாகிய நம் கடற்கரைக்குப் பஸ்ரா என்னும் பெயர் புதிதன்று. பாரசீக வளைகுடாவில் விளைந்த முத்தினைப் பஸ்ரா முத்து என்றே இந்திய வணிகர் வழங்கினர். அந்நகரம் உலகுக்கு ஈந்த அறிவு முத்தும் ஒன்று உண்டு. அவரே ஒளியியலின் தந்தை எனப் போற்றப்பெறும் அபூ அலி அல்ஹசன் இப்னுல் ஹைதம் ஆவார். மேலைநாட்டார் அவரை அல்ஹாசன் என்பர்.

கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்த இப்பேரறிஞரின் வாழ்வு தோல்வியையும் அறிந்தது. அவ்வரலாற்றை இப்னுல் கிஃப்தி விரித்துரைக்கின்றார். நைல் ஆற்றின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்த இயலும் என்று இவர் கூறியதைக் கேட்ட எகிப்தின் கலீஃபா அல்ஹாகிம், இவரைக் கெய்ரோவுக்கு வரவழைத்தார். ஆற்றின் வழியே தெற்கு நோக்கிச் சென்ற இவர், பண்டை எகிப்தியரின் வியத்தகு கட்டடங்களைக் கண்டார். அத்துணைத் திறம் படைத்தோர் செய்யாது விட்ட பணி தம்மாலும் இயலாது என உணர்ந்தார். கலீஃபாவின் சினத்துக்கு அஞ்சிப் பித்தர்போல் நடித்து, 1021இல் அவர் மறையும் வரை வீட்டுக் காவலில் கிடந்தார். பின்னர் அல்அஸ்ஹர் பள்ளிவாசலை அடுத்துத் தங்கி, யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களைப் படியெடுத்து, ஆண்டுக்கு 150 தீனார் ஈட்டி எளிய வாழ்வு வாழ்ந்தார். 1040 அளவில் மறைந்தார்.

அவர்தம் பெருநூல் ஏழு பகுதிகளைக் கொண்ட கிதாபுல் மனாளிர் ஆகும். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் காட்சி பிறக்கிறது என்பது யூக்ளிட், தாலமி ஆகியோரின் கொள்கை. தாம் படியெடுத்த நூல்களின் ஆசிரியர்களாயினும், அவர்கள் கூற்றை இவர் சோதியாது ஏற்றாரல்லர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகின்றது என்று நிறுவினார்.

அதற்கு அவர் கையாண்ட கருவி ஓர் இருட்டறையும் ஒரு சிறு துளையுமே. துளைக்கு எதிரே விளக்குகளை வரிசையாக வைத்தார்; உள்ளே சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தபோது அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. ஒளிக்கதிர்கள் நேர்கோட்டில் செல்வன, ஒரே துளையில் கூடினும் ஒன்றோடொன்று கலவாதன என்பது இதனால் தெளிவாயிற்று. கிரகணத்தின்போது சிறு துளைவழி விழும் கதிரவன் உருவம் பிறைபோல் தோன்றுவதையும் தனி நூலில் ஆராய்ந்தார். 2010 சனவரி 15 அன்று, பொங்கலுக்கு மறுநாள், தூத்துக்குடியில் கங்கண கிரகணம் நிகழ்ந்தது. அன்று அட்டைத் துளையின் வழியே தரையில் ஒளி வளையத்தைக் கண்டோர் கண்டது இவ்வுண்மையையே.

ஒளிப்படக் கருவியை இவரே கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவது மிகையாகும். துளைவழித் தோன்றும் உருவத்தைச் சீனரும் கிரேக்கரும் முன்னரே அறிந்திருந்தனர். அதனை முறையான சோதனைக்கு உட்படுத்தியதே இவர் பெருமை. அப்பெருமைக்கு மிகை வேண்டுவதில்லை. இலத்தீனில் பெயர்க்கப்பெற்ற இவர் நூல் 1572இல் பாசல் நகரில் அச்சேறியது. 1604இல் கெப்ளர் எழுதிய ஒளியியல் நூலுக்கும் அது துணையாயிற்று.

மாணவச் செல்வங்களே! விலையுயர்ந்த கருவி இல்லையே என்று ஏங்க வேண்டா. காலணிப் பெட்டியின் ஒரு முகத்தில் மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டி ஊசியால் துளையிடுங்கள். எதிர்முகத்தை வெட்டி எண்ணெய் தடவிய தாளை ஒட்டுங்கள். போர்வையால் தலையை மூடிக்கொண்டு அத்தாளை நோக்கினால், துறைமுகத்துத் தோணிகள் தலைகீழாய்த் தோன்றும். துளை பெரிதானால் ஒளி மிகும், உருவம் மங்கும். கதிரவனை மட்டும் துளைவழி நேரே நோக்கற்க. அதற்கு முதுகு காட்டி நின்று, தாளில் விழும் உருவத்தையே காண்க. உட்புறம் கருமை பூசிய பால்மாவுத் தகரப் பெட்டியில் ஒளிப்படத் தாளை வைத்தால் படமே எடுக்கலாம். செலவு தாளுக்கும் கழுவும் மருந்துக்கும் மட்டுமே.

கல்லூரிதோறும் இத்தகைய பயிற்சி ஒருநாள் நடைபெறுமாயின், பெரியோர் அதற்கு ஆதரவு நல்குவாராயின், அதுவே இப்னுல் ஹைதமுக்கு நாம் செய்யும் நன்றி. அவர் நமக்கு விட்டுச் சென்றது பெருமை பேசுவதற்கான பெயர் அன்று. எவர் கூறினும் சோதித்துத் தெளியும் பழக்கமே ஆகும்.