செல்போர்ன் கில்பர்ட் ஒயிட் ஐயர்

தகைவிலான் குருவி என்னும் பெயரைத் திருமறைத் தமிழில் நம்மிற் பலர் சிறுபருவத்திலேயே படித்திருப்போம். பிளவுபட்ட நீண்ட வாலும் அம்பெனப் பாயும் விரைவும் உடைய இச்சிறு புள், வேனிற்காலத்தில் ஆங்கில நாட்டு வீடுகளின் புகைபோக்கிகளிலும் கொட்டில்களிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்து, இலையுதிர்காலம் தொடங்கியதும் நீர்நிலைகளை அடுத்துக் கூட்டங்கூட்டமாய்த் திரண்டு, பின்னர் ஒருநாள் காணாமற் போய்விடும். அஃது எங்கே போகின்றது என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞரை மயக்கிய ஒரு வினா. கடல் கடந்து வெப்ப நாடுகளுக்குச் செல்கின்றது என்றனர் ஒருசாரார். ஏரி குளங்களில் மூழ்கி அடியிலே குளிர்காலம் முழுதும் உறங்குகின்றது என்றனர் மற்றொரு சாரார். இரண்டாவது கூற்றைக் கேட்டு இன்று நாம் நகைப்போம். ஆனால் உயிர்நூற் பேரறிஞராகிய லின்னேயஸும் அதனை நம்பினார் என்று அறியும்போது நகைப்பு அடங்கிவிடும். இவ்வினாவைத் தம் வாழ்நாளின் இறுதிவரை கைவிடாத ஒரு குருவானவரின் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கில்பர்ட் ஒயிட், 1720-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18-ஆம் நாள், ஹாம்ப்ஷயர் நாட்டுச் செல்போர்ன் என்னும் சிற்றூரில், அவ்வூர்க் குருவாயிருந்த தம் பாட்டனாரின் இல்லத்திற் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியிற் பயின்று 1743-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே அக்கல்லூரி அவரைத் தன் ஆய்வுறுப்பினருள் ஒருவராகத் தெரிந்துகொண்டது. பின்னர்க் குருப்பட்டமும் ஏற்றார். செல்போர்ன் சபைக்குக் குருவை நியமிக்கும் உரிமை மாட்லின் கல்லூரியினுடையது. ஆதலின் ஓரியலைச் சேர்ந்த ஒயிட் ஐயர் அங்குத் தலைமைக் குருவாதற்கு வழியில்லை. வேறிடங்களில் வருவாய் மிக்க பதவிகள் வந்தபோதும் அவற்றை மறுத்துவிட்டு, உதவிக் குருவாகவே தம் ஊரிலும் அண்டையூர்களிலும் ஊழியஞ் செய்து, மணஞ் செய்யாது வாழ்ந்தார். கோச்சு வண்டியில் ஏறினால் அவருக்குக் குமட்டல் எடுக்குமாம். ஊரைவிட்டு அகலாமைக்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றினும், ஊர்ப்பற்றே முதற்காரணம் என்பது எம் துணிபு.

1751-இல் தம் தோட்டத்தில் விதைத்ததையும் முளைத்ததையும் நாள்தோறும் குறித்துவைக்கத் தொடங்கினார். 1768 முதல் அக்குறிப்பு வேறொரு வடிவம் பெற்றது. டெய்ன்ஸ் பாரிங்டன் என்னும் நீதிபதி, காற்றின் திசை, வெப்பநிலை, மழை, மரங்கள் தளிர்க்கும் நாள், பறவைகள் வரும் நாள், மறையும் நாள் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் அச்சிட்ட ஏடொன்றை அமைத்திருந்தார். அதனைப் பெற்ற ஐயர், 1793-இல் தாம் இறக்கும் திங்கள் வரையில், இருபத்தைந்து ஆண்டுகள் அதனை எழுதிவந்தார். உருவத்தால் ஒன்றுபோல் தோன்றும் மூன்று சிறு குருவிகளை அவற்றின் பாட்டினாலேயே வெவ்வேறினம் என்று பகுத்துக் காட்டியதும் இப்பழக்கத்தின் பயனே.

ஊருக்கு அண்மையில் உல்மர் என்னும் காடும் அதனுள் ஓர் ஏரியும் இருந்தன. ஏரியின் சுற்றளவை அளப்பித்து 2,646 கஜம் என்றும், பரப்பு ஏறத்தாழ 66 ஏக்கர் என்றும் கண்டார். அளவைவிட அங்கு அவர் கண்ட ஒரு காட்சியே எம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. கோடையில் காலை பத்துமணி முதல் மாலை நான்குமணி வரை மாடுகள் ஏரிநீரில் இறங்கி அசைபோட்டு நிற்கும். அவை இடும் சாணத்திற் பூச்சிகள் வந்து சேரும். அப்பூச்சிகளை மீன்கள் உண்டு வாழும். நம் ஊர் ஏரியில் எருமைகள் கிடப்பதை நாள்தோறும் கண்டும் நாம் இங்ஙனம் எண்ணியதில்லை.

பிரென்ஷாம் என்னுமிடத்தில் மற்றொரு பேரேரி இருந்தது. 1779-ஆம் ஆண்டு ஏப்ரலில், செந்நிற நெடுங்கால்களையுடைய உள்ளான்கள் ஆறு அங்கு வந்திறங்கின. நம் ஏரிகளில் எளிதிற் காணப்படும் இப்பறவை ஆங்கில நாட்டில் அரிது. ஏரிக் காவலன் ஐந்தைச் சுட்டு வீழ்த்தி, ஆசை தீர்ந்தபின் ஆறாவதை விட்டுவிட்டான். சுடப்பட்டவற்றுள் ஒன்று ஐயர் கைக்கு வந்தது. அதன் எடையையும் காலின் நீளத்தையும் அளந்து, உடலின் சிறுமைக்கு அத்துணை நீண்ட கால் உடைய பறவை பிறிதுண்டோ என்று கணக்கிடலானார். சுட்டதற்கு வருந்தியதாகக் குறிப்பில்லை; அக்காலத்துப் பறவைநூல் துப்பாக்கியின் துணைகொண்டே வளர்ந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

இனித் தகைவிலானிடம் வருவோம். தேம்ஸ் ஆற்றங்கரைச் சன்பரியில் இலையுதிர்காலந்தோறும் சில வாரங்கள் தங்கியபோது, அக்குருவிகள் வீடுகளை விட்டு நீங்கி, இரவில் ஆற்றிடைத் திட்டுகளின் வில்லோப் புதர்களில் அடைவதைக் கண்டார். நீரை நாடும் இவ்வியல்பு, நீருக்குள் உறங்கும் என்பார் கூற்றுக்குச் சிறிது இடந்தருவதை அவர் மறைக்கவில்லை. 1768-ஆம் ஆண்டு தூய மிக்கேல் திருநாளாகிய செப்டம்பர் 29-ஆம் நாள் காலையில், கடற்கரைப் பக்கமாகப் பயணம் போகையில், மூடுபனி விலகியதும், வெளியொன்றில் குட்டைச் செடிகளின்மேல் எண்ணற்ற தகைவிலான்கள் மொய்த்திருக்கக் கண்டார். வானம் தெளிந்ததும் அவை ஒருங்கே எழுந்து தெற்கே கடலை நோக்கிச் சென்றன. ஜிப்ரால்டர்ப் படைக்குக் குருவாயிருந்த அவருடைய தம்பி ஜானும், ஆண்டுக்கு இருமுறை அப்பறவைகள் ஜலசந்தியைக் கடப்பதைத் தாமே கண்டு எழுதினார்.

இவ்வளவு சான்று இருந்தும் ஐயர் ஏன் துணியவில்லை? எல்லாம் போய்விட்டன என்று ஏட்டில் எழுதியபின், நவம்பரில் வெயிலடித்த ஒரு நாளில் சில குருவிகள் மீண்டும் தோன்றும். ஆப்பிரிக்காவுக்குச் சென்றவை ஒரு நாள் வெயிலுக்காகத் திரும்பி வருமோ? ஆகவே சில சென்றாலும் சில இங்கேயே மறைந்து உறங்கலாம் என்னும் ஐயம் அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அவர் தோட்டத்து ஆமையும் மண்ணுக்குள் புகுந்து குளிர்காலத்தை உறங்கிக் கழித்ததன்றோ! கடிதத் தொடர்புடைய நண்பர் இருவருள் பென்னன்ட் பறவைகள் நாடுவிட்டு நாடு செல்வதை ஏற்றார். பாரிங்டனோ 1772-இல் அதனை மறுத்துக் கட்டுரையே வெளியிட்டார். இருவருக்கும் ஐயர் எழுதினார். இருவரையும் மகிழ்விக்கத் தம் குறிப்பை மாற்றினாரல்லர்.

1781-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள் நிகழ்ந்ததைக் கேளுங்கள். தகைவிலானின் இனத்ததாய், இறவாரத்தில் மண்கூடு கட்டும் மார்ட்டின் என்னும் குருவிகள், முந்திய இலையுதிர்காலத்தின் கடைசியில் ஊரை அடுத்த மலைச்சரிவின்மேல் நெடுநாள் பறந்திருந்தன. அங்கேதான் உறங்குகின்றன போலும் என்று ஐயர் ஆட்களை அமர்த்தி, புதர்களையும் மரவேர்ப் பொந்துகளையும் கிளறச் செய்தார். ஒன்றும் அகப்படவில்லை. ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்த அந்த நேரத்திலேயே, அவ்வாண்டின் முதல் மார்ட்டின் தெருவழியே பறந்து வந்து, பலர் காணத் தன் பழைய கூட்டினுள் நுழைந்து, சிறிதுபோதில் வெளியேறிப் பறந்துபோயிற்று. தம் தேடல் வீணானதையும் குருவி வந்ததையும் ஐயர் அப்படியே எழுதிவைத்தார். இவ்வளவு காலம் நோக்கியும் முடிவு காணாதவர் என்று அவரைக் குறை கூறுவாருண்டு. எமக்கோ இப்பக்கமே அவர் எழுதியவற்றுள் தலைசிறந்ததாகத் தோன்றுகின்றது.

அவர் கடிதங்கள் செல்போர்னின் இயற்கை வரலாறு என்னும் நூலாக 1789-இல் வெளிவந்தன. வெளியிட்டவர் இலண்டனில் நூல் வணிகஞ் செய்த அவர் தம்பி பெஞ்சமின். உல்மர் ஏரியைப்பற்றிய கடிதம் முதலிய சில, நூலுக்கென்றே எழுதப்பட்டு அஞ்சலிற் செல்லாதவை. 1793-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் ஐயர் காலமானார். செல்போர்ன் கோவில் வளாகத்தில் அவர் கல்லறைமேல் பெயரின் முதலெழுத்து இரண்டும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.

நூற்றிருபது ஆண்டுகள் சென்றன. 1911-இல் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு தகைவிலானின் காலில் எண் பொறித்த சிறு வளையம் ஒன்று பூட்டப்பட்டது. 1912 டிசம்பரில், தென்னாப்பிரிக்க நேட்டாலில் ஒரு பண்ணை வீட்டிற்குள் பிடிபட்ட குருவியின் காலில் அவ்வளையம் இருந்தது.