தமிழர் மருத்துவர் சாமுவேல் கிறீன்

நோயுற்றான் ஒருவன் மருத்துவனை நாடுங்கால் அவன் கற்ற கல்வியை மட்டுமோ நோக்குகின்றான்? தன் துன்பத்தைத் தன் மொழியிற் சொல்லவும், அவன் சொல்வதை விளங்கிக்கொள்ளவும் இயலுமோ என்பதையும் நோக்குகின்றான். இவ்வுண்மையை நன்குணர்ந்து, மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த பெரியார் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார்.

இவர் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவங் கற்று, 1845-இற் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனால் அனுப்பப்பெற்று 1847-இல் யாழ்ப்பாணம் அடைந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் மருத்துவமனையொன்றை நிறுவினார்.

அந்நாளில் அவ்வூரார்க்கு வைத்தியர் இல்லாமலில்லை. வழிவழி வந்த பரிகாரிகள் பலர் இருந்தனர். ஆகவே அயல்நாட்டு மருத்துவரை நாடுவதும் நாடாதொழிவதும் நோயாளியின் விருப்பமேயாகும். இவரோ தமிழ் கற்று அவர்களை அணுகினார். மருத்துவமனையோடு மருத்துவ வகுப்பும் நடத்தினார். முதலில் அவ்வகுப்பு ஆங்கிலத்திலே நடைபெற்றது. ஆங்கிலத்திற் பயின்றோர் பலர் அரசாங்க உத்தியோகம் பெற்று வேற்றூர் செல்லலாயினர். கிராமத்து நோயாளிகளோ இருந்தபடியே இருந்தனர். 1857-இல் தாயகஞ் சென்று 1862-இல் மீண்ட கிறீன், பின்னர்த் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

துணிந்தவர்க்கு நூல்கள் வேண்டுமன்றோ? தம் மாணாக்கரையுந் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம் 1872-இலும் வெளிவந்தன. ஏற்ற சொல் உள்ளவிடத்து அதனையே கொண்டார். இல்லாதவிடத்துப் பிறமொழிச் சொல்லைத் தமிழோசைக்கு இசைவித்தார். இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் எனப் பெயரிட்டமை இதற்குச் சான்றாம்.

மருத்துவப் பணியை இவர் இறைபணியாகவே கருதினார். ஆயினும் கிறிஸ்துவைப் பின்பற்றுவோன் தமிழ்க் கோலத்தைத் துறத்தல் வேண்டுமென்று எண்ணினாரல்லர். மாணாக்கர் ஐரோப்பிய உடையை மேற்கொள்வதை அவர் விரும்பவில்லை. தம்மைப் போல் உடுத்து, தம்மைப் போற் பேசும் மருத்துவனையே நோயாளர் நம்புவர் என்பது அவர் துணிபு. அறுபதின்மருக்கு மேற்பட்ட தமிழ் மருத்துவர் அவரிடம் பயின்றனர்.

1873-இல் உடல் நலங்குன்றித் தாயகந் திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியை விட்டாரல்லர். 1884-இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்பதையே தம் கல்லறையிற் பொறிக்குமாறு வேண்டிக்கொண்டார்.

அவர் சென்ற பின்னர்த் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. இன்றும் திருவில்லிபுத்தூரிலோ இராசபாளையத்திலோ மருத்துவமனையினின்று வெளிவரும் முதியோர் ஒருவர் கையிலுள்ள சீட்டு ஆங்கிலத்திலேயே இருக்கின்றது. தம் நோயின் பெயரையும் அறியாதார், மருத்துவரையும் மருத்துவத்தையும் ஆராய்ந்து தெரிந்தெடுப்பது எங்ஙனம்? அன்போடு மருந்தளித்தல் பேரறமே. அதனை விளங்குமொழியில் உரைத்தலும் அவ்வறத்தின் ஒரு பகுதியாகும். தமிழ் பயிலும் நாம் சங்கநூல்களைப் போற்றுவதோடு அமையாது, கிறீன் தொடங்கி வைத்த பணியையும் நம் கடனாகக் கொள்வோமாக.