முதியோரை எழுந்து நடக்க வைத்த டாக்டர் அம்மையார்

மல்லாங்கிணறு பக்கம் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தும், மிளகாய்ப் பழம் பறித்தும் காலமெல்லாம் உழைத்த ஓர் அப்பத்தா, ஒரு நாள் வாசற்படியில் தடுக்கி விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறியவில்லை. ஆனாலும் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறார்கள். நடந்தால் மறுபடியும் விழுந்துவிடுவாளே என்று மகனுக்குப் பயம். மருமகள் கஞ்சியைக் கட்டிலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறாள். எல்லாம் பாசத்தினால்தான்! ஒரு மாதம் போகிறது. அப்பத்தாவால் எழுந்து நிற்கவே முடியவில்லை. வயதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று ஊரார் முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அவளை முடக்கியது வயதா, கட்டிலா?

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு, விடையும் கண்டவர் ஒரு பெண் டாக்டர். அவர்தான் மார்ஜரி வாரன் அம்மையார். முதியோர் மருத்துவத்தின் தாய் என்று உலகம் இன்று அவரைப் போற்றுகிறது.

வக்கீல் வீட்டுப் பெண்

மார்ஜரி 1897-ம் ஆண்டில் லண்டன் நகரில் பிறந்தார். தந்தை பாரிஸ்டர். ஐந்து பெண்களில் இவரே மூத்தவர். 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1926-ல் லண்டனை அடுத்த ஐசில்வர்த்தில் உள்ள ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார். வெஸ்ட் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரி என்று பிற்காலத்தில் பெயர் பெற்றது அதுதான். முதலில் அவருக்கு அறுவைச் சிகிச்சையிலேயே நாட்டம் அதிகம்.

1935-ம் ஆண்டு அவரது வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. ஆஸ்பத்திரியை ஒட்டி, ஏழைகளைத் தங்க வைக்கும் பழைய விடுதி ஒன்று இருந்தது. அதன் நோயாளிப் பகுதியை ஆஸ்பத்திரியோடு சேர்த்தார்கள். மொத்தம் 714 படுக்கைகள்! அந்தப் பொறுப்பு மார்ஜரி அம்மையாரிடம் வந்தது.

உள்ளே நுழைந்தவர் திகைத்துப் போனார். நடக்கக் கூடியவர், வாதத்தால் விழுந்தவர், நினைவு தடுமாறியவர் எல்லோரும் ஒரே இடத்தில் கிடந்தார்கள். பலருக்கு என்ன நோய் என்றுகூட யாரும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. முதுமை என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துபோயிருந்தது.

ஒவ்வொருவராகச் சோதித்தார்

அம்மையார் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொருவரையும் பொறுமையாகச் சோதித்தார். நோய்க்கும் நிலைமைக்கும் தக்கபடி பிரித்து வைத்தார். குணப்படுத்தக் கூடிய நோய்க்குச் சிகிச்சை கொடுத்தார்.

கூடத்தின் தோற்றமும் மாறியது. சுவருக்குப் புது வர்ணம், நல்ல வெளிச்சம், சிவப்புக் கம்பளிகள், பிடித்து நடக்கக் கைப்பிடிகள் எல்லாம் வந்தன. வாதம் வந்தவர்களை உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்கப் பழக்கினார்கள். டாக்டர், நர்சு, உடற்பயிற்சி அளிப்பவர், குடும்ப நிலையை விசாரிப்பவர் எல்லோரும் கூடியே வேலை செய்தார்கள்.

பலன் என்ன தெரியுமா? படுத்தே கிடந்தவர்களில் பலர் எழுந்தார்கள். வீடு திரும்பியவர்களும் உண்டு. 714 படுக்கைகள் தேவைப்பட்ட இடத்தில், நாளடைவில் 240 படுக்கைகளே போதும் என்றாயிற்று!

முதியோருக்கென்று பொது ஆஸ்பத்திரிகளில் தனிப் பிரிவு வேண்டும் என்று 1943-லும் 1946-லும் மருத்துவ ஏடுகளில் எழுதினார். மாணவர்களுக்கும் இதைக் கற்பிக்க வேண்டும் என்றார். 1947-ல் முதியோர் மருத்துவத்துக்காகப் பிரிட்டனில் டாக்டர்கள் சங்கம் தொடங்கியபோது, அதில் முன்னின்றார். 1960-ல் ஒரு மாநாட்டுக்காக ஜெர்மனிக்குப் போகும் வழியில், பிரான்சில் நேர்ந்த கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 62.

கட்டில் செய்யும் கேடு

அம்மையார் கண்ணால் கண்டதைப் பிற்கால ஆராய்ச்சி அளந்து காட்டியது. ஆரோக்கியமான முதியவர்கள் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து 2007-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் முடிவு வெளியிட்டனர். அந்தப் பத்தே நாளில் கால்களில் மட்டும் சுமார் 1 கிலோ சதை கரைந்திருந்தது! நோயாளியாக இருந்தால் கேட்கவும் வேண்டுமா?

தானாக எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல் ஆகிய ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி என்று டாக்டர்கள் கணக்கிடுகிறார்கள். தக்க சமயத்தில் கவனித்தால் இதைப் பெரிதும் குறைக்கலாம்.

நம் நாட்டிலும் இந்த வைத்தியம் வேரூன்றியது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோர் பிரிவு தொடங்கியது. 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

ஆனால் சென்னை எங்கே, மல்லாங்கிணறு எங்கே! முதல் வைத்தியம் வீட்டிலேதான் தொடங்க வேண்டும். விழுந்தவரை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு முறிவு, ரத்த சோகை, பார்வைக் குறை, எழுந்ததும் வரும் தலைச்சுற்றல், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்றதும் கட்டிலை விட்டு எழுப்புங்கள். கஞ்சியோடு பருப்பும் முட்டையும் கொடுங்கள். திண்ணை வரை கைபிடித்து நடத்துங்கள். வாசற்படி ஓரம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு ஊன்றுங்கள்.

அப்பத்தாவைப் படுக்க வைத்ததும் பாசம்தான். அதே பாசம் அவளை எழுப்பவும் வேண்டும்.