மறைந்து நின்ற மாணவர்: இரட்டைமலை சீனிவாசனும் இன்றைய கல்லூரிகளும்

அடையாற்றிலிருந்து கிண்டி நோக்கிச் செல்லும் சர்தார் பட்டேல் சாலையில், காந்தி மண்டப வளாகத்துக்குள் இரட்டைமலை சீனிவாசனுக்கு ஒரு நினைவு மண்டபம் உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 7 அன்று, அவருடைய பிறந்த நாளில், அரசின் சார்பில் அங்கே மாலை அணிவிக்கிறார்கள். சென்னை ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் இருப்பது இதே சாலையில்தான். நாள்தோறும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் அந்த வளாகத்தைப் பேருந்தில் கடந்து போகிறார்கள். உள்ளே இருப்பவர் யார் என்று அறிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்?

இப்போது கல்லூரிகளில் தலைமைப் பண்புப் பயிற்சியும் பன்மைத்துவ விழிப்புணர்வு வகுப்பும் அடிக்கடி நடக்கின்றன. வழக்கறிஞர்கள் என்ற முறையில் நாமும் சிலவற்றில் பேசியிருக்கிறோம். பெருநிறுவனத் தலைவர்கள் வளர்ந்த கதைகள் அங்கே தாராளமாகச் சொல்லப்படுகின்றன. சாதி என்ற சொல் வந்தவுடன் அரங்கம் அமைதியாகிவிடுகிறது. அந்த அமைதியைப் புரிந்துகொள்ள விரும்புவோர், ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி மாணவராக இருந்த இரட்டைமலை சீனிவாசனின் வாழ்விலிருந்து தொடங்கலாம்.

செங்கல்பட்டுச் சீமையில், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர் பிறந்த ஊர். பறையர் குலத்தில் பிறந்த அவர், தந்தை இரட்டைமலையின் பெயரைத் தம் பெயரோடு சுமந்தார். கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்றபோது அங்கிருந்த சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற அனைவரும் பார்ப்பனர்கள். யாரிடமாவது நட்புக் கொண்டால் ஊரும் வீடும் குடும்பமும் விசாரிக்கப்படும், சாதி வெளிப்பட்டுவிடும், அதன்பின் அவமதிப்புத்தான் மிஞ்சும் என்று அவர் அஞ்சினார். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் பிற மாணவர்கள் எட்டிப் பிடிக்க முடியாதபடி விரைந்து வீடு திரும்புவார். உடன் விளையாட முடியாத ஏக்கம் அவரை வாட்டியது. 1939-இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் இவற்றை அவரே பதிவு செய்திருக்கிறார்.

இந்த நினைவில் அடியும் இல்லை, வசையும் இல்லை. அச்சம் மட்டுமே இருக்கிறது. அந்தக் கல்வி நிலையம் அவருக்குச் சேர்க்கை அளித்தது, பாடம் நடத்தியது, தேர்வு எழுதவும் விட்டது. ஏட்டளவில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் மணி அடிக்கும் வரை வெளியே காத்திருக்க வேண்டிய நிலையில் ஒரு மாணவரை அது வைத்திருந்தது. சேர்க்கை என்பது வேறு, சேர்த்துக்கொள்ளுதல் என்பது வேறு. இந்த வேறுபாட்டை அறியாத எந்த விழிப்புணர்வு வகுப்பும் வெற்றுச் சடங்காகவே முடியும்.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களில் கணக்கராகப் பணியாற்றினார். 1890-இல் சென்னைக்கு வந்தார். தம் மக்களின் வரலாற்றைத் தேடியும், ஊர் ஊராகச் சென்று அவர்களின் நிலையை நேரில் கண்டும் சில ஆண்டுகளைச் செலவிட்டார். பறையர் மகாஜன சபையை உருவாக்கினார். 1893 அக்டோபரில் ஓர் ஏட்டைத் தொடங்கி அதற்குப் ‘பறையன்’ என்று பெயரிட்டார். நான்கு பக்கங்களில், இரண்டணா விலையில், மாத இதழாக வந்த அது, மூன்று மாதங்களில் வார இதழாயிற்று.

எந்தப் பெயர் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி மாணவப் பருவம் முழுவதும் ஒதுங்கி நின்றாரோ, அந்தப் பெயரையே தலைப்பில் அச்சிட்டுத் தெருவில் விற்றார். இழிவென்று பிறர் சுமத்திய பெயரை மறைத்துக்கொண்டு உரிமை கேட்க இயலாது. அதைத் தாங்கியபடி முன்வந்தால்தான் இழிவு சுமத்தியவர் கூச வேண்டியிருக்கும் என்பது அவர் கண்ட வழி. அவருடைய மைத்துனரான அயோத்திதாசப் பண்டிதர் இதை ஏற்கவில்லை. பறையர் என்பதே பகைவர் இட்ட பெயர், நாம் சாதிபேதமற்ற திராவிடர் என்பது பண்டிதரின் நிலை. ஒரே குடும்பத்துக்குள் நடந்த இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு சாதியின் பெயரைத் தாங்கிய ஏடு, அருந்ததியரையும் பிற ஒடுக்கப்பட்ட சாதியினரையும் எந்த அளவுக்கு உள்ளடக்கியது என்ற கேள்வியையும் நாம் தவிர்க்க முடியாது. பின்னாளில் சட்டமன்றத்திலும் இலண்டனிலும் அவர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர் அனைவருக்குமாகவே பேசினார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஏடு தொடங்கிய அதே ஆண்டில் இன்னொரு போராட்டம் எழுந்தது. இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே வேளையில் நடத்த வேண்டும் என்று காங்கிரசு கோரியது. கேட்பதற்கு நாட்டுப்பற்று மிக்க கோரிக்கை. ஆனால் பள்ளியின் வாசலையே காணாத மக்களை வெளியே நிறுத்திவிட்டு நடத்தப்படும் தேர்வில் யார் தேறுவார்கள், தேறியவர்கள் சேரி மக்களை எப்படி ஆள்வார்கள் என்று சீனிவாசன் கேட்டார். 1893 டிசம்பரில் சென்னை வெஸ்லியன் மிஷன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள எதிர்ப்பு மனு இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றது. இதற்காக அவரை நாட்டுக்கு எதிரானவர் என்று தூற்றியவர்கள் உண்டு. தகுதி என்ற சொல்லுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்கும் மாணவர்கள் இன்றும் அதே தூற்றலைக் கேட்கிறார்கள்.

1896-இல் ஏட்டில் வந்த ஒரு வாசகர் கடிதத்துக்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு 100 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அப்போதும் அவர் ஏட்டை நிறுத்தவில்லை. 1900-இல் கடல் கடந்தார். கிழக்கு ஆப்பிரிக்கா வழியாகத் தென்னாப்பிரிக்கா சென்று, நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். ஒப்பந்தக் கூலிகளாகப் போன எளிய தமிழர் மிகுந்த அந்த மண்ணில், மன்றத்தின் மொழியறியாதவரின் சொல்லை மன்றத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர் வேலையாயிற்று. வழக்காடுவதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, அவர் வாழ்வில் மிகவும் நெருக்கமான பகுதி இதுவே.

1920-களின் தொடக்கத்தில் நாடு திரும்பிய அவர், 1923-இல் சென்னைச் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்று 1924-இல் அந்த மன்றம் ஏற்ற தீர்மானத்தில் அவருக்கும் ஆர். வீரையனுக்கும் பெரும் பங்குண்டு.

1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் சென்றார். அங்கே மன்னர் அவரோடு கைகுலுக்கிய நிகழ்ச்சியை நம் மேடைகளில் விரும்பிச் சொல்கிறோம். அதைவிட முதன்மையானது, இருவரும் சேர்ந்து அளித்த கோரிக்கை மனு. சம குடியுரிமை, பாகுபாட்டுக்குத் தண்டனை, சமூகப் புறக்கணிப்பைக் குற்றமாக்குதல், சட்டமன்றத்திலும் அரசுப் பணியிலும் அமைச்சரவையிலும் உரிய இடம் என்று அந்த மனு வரிசைப்படுத்தியது. அப்போது அம்பேத்கருக்கு வயது 39. சீனிவாசன் 70-ஐ எட்டிய முதியவர். தம்மைவிட ஒரு தலைமுறை இளையவரின் பக்கத்தில், தோழராகவே நின்றார்.

1932 செப்டம்பரில் கையொப்பமான பூனா ஒப்பந்தத்தில் அவர் பெயரும் உண்டு. தனித்தொகுதி உரிமை பறிபோயிற்று; மாகாண மன்றங்களில் 148 தனி இடங்கள் கிடைத்தன. அந்தப் பேரத்தின் விலையை இன்றும் நாம் செலுத்திக்கொண்டிருக்கிறோம். 1945 செப்டம்பர் 18 அன்று அவர் மறைந்தார்.

அவர் மறைந்து எண்பதாண்டுகள் கடந்த பின்னும், வகுப்புக்கு வெளியே காத்திருக்கும் மாணவர் நம் கல்லூரிகளில் இருக்கிறார். 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொண்டபோது, சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை விட்டுவிட்டதே பகையைக் கிளறியதாகச் சொல்லப்பட்டது. 2015-இல் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் மீண்டும் வழங்கப்பட்டது. பெயர்கள் இன்னமும் அச்சமூட்டுகின்றன.

சட்டம் ஏட்டில் இருக்கிறது. வகுப்பில் மாணவரின் சாதியை அறிவிப்பதும், இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று முத்திரை குத்துவதும் பாகுபாடு என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2012-ஆம் ஆண்டு விதிமுறைகளே வரையறுத்தன. சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் வேண்டும் என்றன. நாம் பேசச் சென்ற ஒரு கல்லூரியில் அந்த அலுவலர் யார் என்று கேட்டோம். அரங்கில் இருந்த மாணவர் எவருக்கும் தெரியவில்லை. நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கலைந்த பின், ஒரு மாணவி மட்டும் வந்து, புகார் கொடுத்தால் தன் சாதி விடுதி முழுவதற்கும் தெரிந்துவிடுமா என்று கேட்டார். கோயம்புத்தூரில் மணியோசைக்குக் காத்திருந்த மாணவரின் அச்சமேதான் அது.

ஆகவே, தலைமைப் பயிற்சி பெறும் மாணவத் தோழர்களிடம் நாம் கேட்பது இதுதான். உங்கள் பேரவையில், விழாக்குழுவில், விடுதிக்குழுவில் யார் இல்லை என்று எண்ணிப் பாருங்கள். தலித் மாணவிகள் எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர், பழங்குடியினர் எத்தனை பேர் என்று, எவரையும் பெயர் சொல்லி அம்பலப்படுத்தாமல், நிர்வாகத்திடம் கணக்குக் கேளுங்கள். பாகுபாடு தடுப்பு அலுவலரின் பெயரை அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுத வையுங்கள். தம் அடையாளத்தைச் சொல்வதும் சொல்லாதிருப்பதும் ஒவ்வொருவரின் உரிமை. சொல்ல நினைப்பவர் அஞ்சாமல் சொல்லக்கூடிய இடத்தை உருவாக்குவது மற்ற அனைவரின் கடமை.

அடுத்த முறை சர்தார் பட்டேல் சாலையில் செல்லும்போது காந்தி மண்டப நிறுத்தத்தில் இறங்குங்கள். வகுப்பில் தனியே அமர்ந்திருக்கும் தோழரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.