மியூரியல் ருகைசர்: விசாரணை அறிக்கையைக் கவிதையாக்கியவர்

அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில் 1930இல் மலையைக் குடைந்து ஒரு சுரங்கப்பாதை வெட்டத் தொடங்கினார்கள். ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுப்பதே நோக்கம். வேலை யூனியன் கார்பைட் நிறுவனத்துக்குரியது. பாறை முழுவதும் சிலிக்கா. தூசியை அடக்க நீர் பாய்ச்சாமலே துளையிட்டார்கள். முகக்கவசமும் இல்லை. தொழிலாளரில் பெரும்பாலானோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர். நுரையீரலில் தூசி படிந்து ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். பலரின் புதைகுழிகளுக்கு அடையாளமே இல்லை. குறைந்தது 764 பேர் இறந்திருக்கலாம் என 1986இல் வெளிவந்த ஆய்வு நூலொன்று கணக்கிட்டது.

அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே இந்த மரணங்களைக் கவிதையில் பதிவு செய்தவர் மியூரியல் ருகைசர். 1913இல் நியூயோர்க்கில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையின் தொழில் நொடித்ததால் கல்லூரிப் படிப்பை இடைநிறுத்தினார். 1935இல் முதல் தொகுப்புக்கு யேல் பல்கலைக்கழகத்தின் இளங்கவிஞர் பரிசு கிடைத்தது.

1936இல் புகைப்படக் கலைஞர் ஒருவருடன் சுரங்கப் பகுதிக்குப் போனார். அவ்வாண்டு நாடாளுமன்ற உபகுழுவொன்று இது பற்றிச் சாட்சியம் பெற்றிருந்தது. ஆனால் அது கோரிய முழு விசாரணை நடக்கவில்லை. அலுமாரிக்குள் முடங்க வேண்டிய அந்தச் சாட்சியங்களை, மருத்துவக் குறிப்புகளை, கம்பனியின் பங்கு விலையைக்கூட ருகைசர் கவிதைக்குள் கொண்டுவந்தார். மூன்று மகன்மாரை இழந்த தாயொருத்தி, எக்ஸ்ரே எடுக்கத் தெருவில் பிச்சை எடுத்த கதையும் அதில் உண்டு. 1938இல் வெளியான அந்தக் கவிதைத் தொடரின் பெயர் 'இறந்தோரின் நூல்'. யூனியன் கார்பைட்டின் பெயரை உலகம் பின்னர் 1984இல் போபாலில் மறுபடி கேட்டது.

அதே 1936இல், பார்சிலோனாவில் நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக் போட்டி பற்றி எழுதப் போனவர், ஸ்பெயினின் உள்நாட்டு யுத்தம் வெடித்தபோது ரயிலில் இருந்தார். அங்கு அவர் நேசித்த ஜெர்மானிய விளையாட்டு வீரர் போரிடத் தங்கிவிட்டார். பின்னர் களத்தில் கொல்லப்பட்டார். அந்த இழப்பு ருகைசரின் எழுத்தில் கடைசிவரை வந்துகொண்டேயிருந்தது.

1947இல் பிறந்த மகனைத் தனியாக வளர்த்தார். கல்லூரியில் கற்பித்தார். இடதுசாரி என்று உளவுத்துறை கண்காணித்தது. பக்கவாதம் தாக்கிய பின்னரும் ஓயவில்லை. 1972இல், குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த காலத்தில் ஹனோய் போனார். வியட்நாம் யுத்தத்தை எதிர்த்துச் சிறை சென்றார். 1975இல் அமெரிக்க பென் எழுத்தாளர் அமைப்பின் தலைவராகத் தென்கொரியா போய், சிறையிலிருந்த கவிஞர் கிம் சி-ஹாவுக்காகக் குரல்கொடுத்தார். அவரைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. சிறை வாசலில் நின்றார். அந்த வாசலே அவரது கடைசித் தொகுப்புக்குத் தலைப்பைத் தந்தது.

1980 பெப்ரவரியில் காலமானார். ஸ்பெயின் அனுபவத்தை வைத்து எழுதிய நாவலை 1937இல் பதிப்பாளர் நிராகரித்திருந்தார். அது அச்சேறியது 2013இல். அவர் இறந்து 33 ஆண்டுகள் கழிந்திருந்தன. ஆனாலும் எழுதி வைத்திருந்ததால்தான் அது கிடைத்தது.